தண்ணீர் பட்ட தடவைகள்

டிசம்பர் 3, திங்கள்

என் தொண்டைக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு. கைக்குத்தான் இல்லாமல் போய்விட்டது. ஐந்து வேளையும் பாங்கு சொல்லிச் சனங்களைத் தொழுகைக்குக் கூப்பிடுகிற மோதினார் நான். பெயர் மீரான் லெப்பை. வயது ஐம்பத்து நான்கு. கடற்கரைத் தெருப் பள்ளிவாசலில் இருபத்திரண்டு வருடமாக என் குரல்தான். இப்போது இரண்டு கையிலும் கணுக்காலிலும் கரப்பான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மணிக்கட்டுத் தோல் தடித்துக் கறுத்துவிட்டது. இன்று ராமநாதபுரம் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் கோமதி. சின்ன வயசு, பெரிய அதட்டல்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ கை கழுவுவீங்க?"

"அதையெல்லாம் யாரும்மா எண்ணுறா?"

"இனிமே எண்ணுங்க. குளிக்கிறது ஒரு நாளைக்கு ஒரு தடவதான், அஞ்சே நிமிஷம், வெதுவெதுப்பான தண்ணி. தேய்க்கக் கூடாது, துண்டால ஒத்தி எடுக்கணும். ஈரம் காயறதுக்குள்ள களிம்பு. தண்ணி பட்டா தோல்ல இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயும் போயிரும், இன்னும் காஞ்சு வெடிக்கும். கையில தண்ணி படுற ஒவ்வொரு தடவையும் நோட்டுல எழுதிட்டு வாங்க. அரிப்பு பத்துக்கு எத்தனன்னும் போடுங்க."

ஆகவே இந்த நோட்டு. டாக்டரம்மா படிக்கப் போகிறார் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, கால் எல்லாம் கழுவ வேண்டும். அதற்கு ஒளு என்று பெயர். எல்லாம் மும்மூன்று தடவை. ஒரு ஒளுவுக்கே கையில் இருபது தடவைக்கு மேல் தண்ணீர் படும். ஐந்து வேளைக்கு நூறு. டாக்டர் "குறைங்க" என்கிறார். யாரிடம் போய்க் குறைப்பது?

டிசம்பர் 4, செவ்வாய்

ஒளு 5. குளியல் 1. பாத்திரம் 0 (என் மனைவி பல்கீஸ் விடவில்லை). அரிப்பு 9.

டிசம்பர் 6, வியாழன்

இன்று ஹவுழ் கழுவும் நாள். ஹவுழ் என்றால் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒளு செய்கிற தொட்டி. தண்ணீரை இறைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, திரும்ப ரொப்ப வேண்டும். முன்பெல்லாம் தென்னந்தும்பால் தேய்த்தாலே போதும். கொழும்பில் வியாபாரம் முடித்துத் திரும்பிய அமானுல்லா, பள்ளிவாசலை நிர்வகிக்கிற ஜமாஅத்துக்குத் தலைவரான பிறகுதான் இந்தப் பவுடர் வந்தது. மனிதர் அல்லாஹ்வுக்குப் பயப்படுகிறாரோ இல்லையோ, கிருமிக்கு நன்றாகவே பயப்படுகிறார்.

தண்ணீர் பட்டது: எண்ணவில்லை. மூன்று மணி நேரம் தண்ணீருக்குள்ளேதான் கை. அரிப்பு பத்துக்குப் பன்னிரண்டு.

டிசம்பர் 8, சனி

களிம்பு வழுவழுவென்று இருக்கிறது. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடுகிறது. ஒளுவில் தண்ணீர் தோலைத் தொட வேண்டும், தொடாவிட்டால் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஒளுவுக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் களிம்பை நன்றாகத் தேய்த்து எடுத்துவிடுகிறேன். தொழுது முடித்ததும் திரும்பக் களிம்பு. டாக்டர் சொன்னதும் ஆயிற்று, மார்க்கமும் ஆயிற்று. இந்த மூளை எனக்குப் படிப்பில் இருந்திருந்தால் இன்று எங்கேயோ இருந்திருப்பேன்.

பல்கீஸ் களிம்பு தடவிவிட வந்தாள். எங்கள் ஊர் ஷாஃபி மத்ஹப், அந்த இமாமின் சட்ட வழி. ஒளுவோடு இருக்கும்போது மனைவி கை பட்டாலும் ஒளு முறிந்துவிடும். முதலிலிருந்து கழுவ வேண்டும். "தள்ளிப் போ, தொட்டுறாத" என்றேன். கரண்டிக் காம்பில் களிம்பை எடுத்து எட்ட நின்று நீட்டச் சொன்னேன். நீட்டினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மீன் விலை ஏறினாலும் அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

டிசம்பர் 10, திங்கள்

தண்ணீரைக் குறைக்க இன்னொரு வழி. ஒளு ஒரு தடவை செய்தால் அது முறிகிற வரைக்கும் நிற்கும். முறிப்பது என்னென்ன? சிறுநீர், வயிற்றுக் காற்று, தூக்கம், மனைவி கை. இந்த நான்கையும் கட்டிவிட்டால் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குச் செய்த ஒளு, அந்திக்குப் பிந்தைய இஷா வரை வரும். ஐந்து ஒளு இரண்டாகிவிடும்.

நாளை முதல் காலை பத்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. பருப்பு, மொச்சை, கிழங்கு கிடையாது. மதியத் தூக்கம் கிடையாது.

டிசம்பர் 12, புதன்

ஒளு 2! அரிப்பு 7. மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள், வேண்டுமென்றே. தொடவில்லை.

டிசம்பர் 15, சனி

மாலை நேரத்து அஸர் பாங்கு சொல்லும்போது பாதியில் கண் இருட்டிவிட்டது. மைக் கம்பியைப் பிடித்தேன், அதுவும் என்னோடு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் பாங்கு பாதியில் நின்றது இன்றுதான். மீதியைச் சொன்னவர் ஜியாவுத்தீன் ஹஜ்ரத்.

ஹஜ்ரத் எங்கள் இமாம். தொழவைப்பவர். வயது முப்பத்து நான்கு. நான்கு வருடம் முன்னால் வந்தபோது குடும்பம் வந்து சேரும்வரை ஆறு மாதம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பல்கீஸின் வட்டிலப்பத்துக்கு உயிரை விடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எதையாவது நினைத்துக்கொள்வோம்.

தொழுகை முடிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். உதட்டில் தோல் உரிந்திருப்பதையும் பார்த்தார்.

"தண்ணி குடிக்கிறதில்லையா காக்கா?" அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு. டாக்டரே தண்ணி ஆகாதுன்னு சொன்ன பிறகு ஒங்கள யாரு வதைச்சுக்கச் சொன்னா? தயம்மும் செய்ங்க."

தயம்மும் என்றால், தண்ணீருக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணில் கையை வைத்து எடுத்து, ஊதிவிட்டு, முகத்தையும் கையையும் லேசாகத் தடவிக்கொள்வது. தண்ணீர் கிடைக்காதவனுக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தயம்மும்மோட பாங்கு சொல்லலாமா?"

"தாராளமா."

"நீங்க ஊருக்குப் போறப்ப நான் முன்னால நின்னு தொழவச்சா?"

"அதுவும் கூடும். நான்தானே சொல்றேன், என் பொறுப்பு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "இது நமக்குள்ள இருக்கட்டும் காக்கா. சனங்க அரையும் குறையுமா வெளங்கிக்கிட்டுப் பேசுவாங்க. வீட்டுலயே செஞ்சுட்டு வந்துருங்க."

என் மானம் போகக் கூடாது என்று அந்த மனிதருக்கு எவ்வளவு கவலை! திரைக்குப் பின்னால் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்ற பல்கீஸ், அவர் போனதும் கேட்டாள்: "மார்க்கத்துல ஆகுமானதுதானேங்க? அப்புறம் எதுக்கு நமக்குள்ள?"

எல்லாவற்றிலும் ஒரு கொக்கி போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

டிசம்பர் 17, திங்கள்

டாக்டரிடம் போனேன். நோட்டைக் கேட்டார். எண்ணிக்கைப் பக்கத்தை மட்டும் காட்டலாம் என்று நினைத்தேன். பிடுங்கிக்கொண்டார். "சின்ன வயசு, பெரிய அதட்டல்" என்ற இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டிசம்பர் எட்டாம் தேதிக்கு வந்தார்.

"களிம்பப் போட்டுட்டு, அதை சோப்புப் போட்டுத் தேச்சு எடுத்தீங்களா? நாளுக்கு அஞ்சு தடவையா?"

"ஆமாம்மா."

"அதுக்கு நீங்க என்கிட்ட வந்திருக்கவே வேணாம்."

மூளை என்று பெருமை அடித்துக்கொண்டது இந்த நோட்டிலேயே இருக்கிறது. அந்த வரியை அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

மண் விஷயம் சொன்னேன். சுத்தமாகச் சலித்து, லேசாகத் தடவினால் பாதகமில்லை, தண்ணீரும் சோப்பும்தான் எதிரி என்றார். பிளீச்சிங் பவுடரைத் தொட்டால் தன் வாசற்படி மிதிக்கக் கூடாது என்றார்.

டிசம்பர் 24, திங்கள்

ஒளு 0. குளியல் 1. தண்ணீர் பட்டது மொத்தம் 6. அரிப்பு 4. வலது கை விரல்களை மடக்க முடிகிறது.

மண்ணைப் பல்கீஸ்தான் தயார் செய்தாள். கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, பித்தளைத் தட்டில் போட்டு வைத்தாள். "இப்பத்தான் தண்ணி இல்லையே. இனிமே நான் தடவிவிடலாம்ல?" என்று கேட்டாள். கரண்டிக் காம்பே பழகிவிட்டது என்றேன். கை இன்னும் பார்க்கிற மாதிரி இல்லை. ஆறட்டும்.

டிசம்பர் 27, வியாழன்

ஹஜ்ரத்தின் மச்சானுக்குக் கல்யாணம். நேற்றும் இன்றும் அவர் ஊரில் இல்லை. "நீங்களே தொழவச்சுருங்க காக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தயம்மும் என்று ஞாபகப்படுத்தினேன். "அதான் சொன்னேனே" என்று சிரித்தார்.

இரண்டு நாள், பத்து வேளை. ஒரு பெரியவர் வந்து "லெப்பை, ஒன் ஓதல் நெஞ்சுல எறங்குது" என்றார். ராத்திரி பல்கீஸிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தூங்கிவிட்டாள்.

ஜனவரி 3, வியாழன்

ஹவுழ் கழுவ முடியாது என்று போன வாரமே டாக்டர் சீட்டோடு தலைவர் அமானுல்லாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அது பற்றிப் பேச இன்று அந்தி மஃரிபுக்கு முன்னால் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது. நான் தட்டில் கை வைத்த நேரம்.

"இது என்ன, மோதினார்?"

"தயம்மும்."

"வீட்டுல குழாயில தண்ணி வரலையா?"

"வருது. கைக்கு ஆகாது."

"எத்தன நாளா?"

"ஒரு மூணு வாரமா."

அவர் விரல் மடக்கி வாய்க்குள்ளேயே எண்ணுவது தெரிந்தது. "அப்ப ஹஜ்ரத் கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாளும்?"

நான் பாங்குக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன்.

ஜனவரி 4, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு ஜமாஅத் கூட்டம். பேச வேண்டியவை இரண்டு. ஒன்று, ஹஜ்ரத்தின் பணியை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிப்பது. இரண்டு, மோதினார் விஷயம்.

ஹஜ்ரத்தைத் தனியாகப் பிடித்தேன். "பயப்படாதீங்க காக்கா. நான் இருக்கேன்ல" என்றார். தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னார். அதை நாலு தடவை மடித்தார். சின்ன விரிப்புதான்.

அவர் இருக்கும்போது எனக்கென்ன.

ஜனவரி 6, ஞாயிறு

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன்.

நாற்பது பேர் இருப்பார்கள். தலைவர் மைக் இல்லாமலேயே மைக் வைத்த மாதிரிப் பேசுவார்.

"மோதினாரே, மூணு வாரமா ஒளு இல்லாமத்தான் பாங்கு சொன்னியளா?"

"தயம்மும் செஞ்சுதான் சொன்னேன். டாக்டர் சீட்டு இருக்கு."

"சீட்டு மருந்துக் கடைக்கு. மார்க்கத்துக்கு யாரக் கேட்டிய?"

நான் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். அவராகவே எழுந்திருப்பார் என்று இருந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார், துடைத்தார், அப்படித் துடைத்தார்.

"ஹஜ்ரத்தத்தான் கேட்டேன்" என்றேன்.

நாற்பது தலையும் திரும்பியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"கை சரியில்லைன்னு சொன்னாங்க. மருந்து போட்டுக்கிட்டு, மெதுவா ஒளு செய்ங்கன்னு சொன்னேன். தயம்மும்னு நான் சொன்னதா ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையாம்! முப்பது பாகம் குர்ஆனையும் ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாக ஓதுகிற மனிதருக்கு, மூன்று வாரம் முந்திய ஒரு சாயங்காலம் ஞாபகம் இல்லையாம். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, "என் பொறுப்பு" என்று சொன்ன வாய் அது.

"ஹஜ்ரத், அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க" என்றேன். கத்தினேன் என்று பல்கீஸ் சொல்கிறாள். வீடுவரைக்கும் கேட்டதாம். என் தொண்டை அப்படி.

"காக்கா ஒடம்பு முடியாம இருக்காங்க" என்று அவர் சபையைப் பார்த்துச் சொன்னார். எவ்வளவு கனிவாகச் சொன்னார் தெரியுமா? எல்லாருக்கும் என் மேல் இரக்கமே வந்துவிட்டது.

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர், "இது தொத்து வியாதி. ஹவுழ்ல கைய விட்டா நமக்கெல்லாம் ஒட்டும்" என்றார். பக்கத்திலிருந்தவர், "அட, அவர் ஹவுழ்ல கைய விடலைன்னுதானேய்யா கூட்டமே" என்றார். சிரித்தார்கள். கழுவினாலும் குற்றம், கழுவாவிட்டாலும் குற்றம்.

கடைசியில் அந்தப் பத்து வேளைத் தொழுகை. கூடுமா, கூடாதா? எல்லாரும் ஹஜ்ரத்தைக் கேட்டார்கள். கூடும் என்று அவருக்குத் தெரியும். அவரே எனக்குச் சொன்னது. சற்று யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "பேணுதலுக்காகத் திரும்பத் தொழுதுடுறது நல்லது" என்றார். என் ஓதல் நெஞ்சில் இறங்குவதாகச் சொன்னாரே, அந்தப் பெரியவருக்கு முட்டி வலி. உட்கார்ந்து எழ இரண்டு ஆள் வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

கை குணமாகும்வரை நான் பாங்கு சொல்லக் கூடாது என்று முடிவு. ஹஜ்ரத்துக்கு மூன்று வருடம், ஏகமனதாக. எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. தின்றுவிட்டேன்.

ஜனவரி 7, திங்கள்

விடியற்காலை சுபுஹு பாங்கு ஹஜ்ரத் சொன்னார். இழுக்க வேண்டிய இடத்தில் மூச்சுப் போதவில்லை. தண்ணீர், அரிப்பு ஒன்றும் எண்ணவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்

ஒரு யோசனை வந்தது. இந்த நோட்டு இருக்கிறதே! டிசம்பர் 15 சனிக்கிழமை நடந்தது அப்படியே எழுதியிருக்கிறது, அன்றைக்கே. எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பதினைந்தாம் தேதியைத் திறந்துதான் கொடுத்தேன். மனிதர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஆறாம் தேதியில், அவரும் கிருமியும் வருகிற இடத்தில், காது சிவந்தது.

நோட்டை மூடித் திருப்பித் தந்தார். "நீங்க எழுதுனதுதானே? யாரும் என்னமும் எழுதலாம், மோதினார்" என்றார்.

அதுவும் சரிதான்.

ஜனவரி 11, வெள்ளி

ஜும்ஆவுக்கு எங்கள் பள்ளிக்குப் போகவில்லை, வேறு தெருப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது பல்கீஸ் வெள்ளைத் துப்பட்டி போட்டுக் கிளம்பி நின்றாள்.

"எங்க?"

"தலைவர் வீட்டுக்கு. அன்னைக்குத் திரைக்குப் பின்னாடி நின்னு ஒவ்வொரு வார்த்தையும் காதால கேட்டவ நான். வந்து சொல்றேன்."

"வேணாம். பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லவச்சான்னு ஊரு சிரிக்கும்."

அவள் துப்பட்டியைக் கழற்றினாள். மெதுவாக மடித்தாள். "ஒங்களுக்கு என் கையும் ஆகாது. என் வாயும் ஆகாது" என்றாள்.

பதில் எழுதலாம் என்று இந்தப் பக்கத்தில் பாதியை விட்டு வைத்தேன். இப்போது மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை மூடுகிறேன்.

ஜனவரி 13, ஞாயிறு

ஹஜ்ரத் வந்தார். ஆரஞ்சுப் பழப் பையோடு. பல்கீஸ் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை, தேத்தண்ணீர் வரவில்லை. இந்த வீட்டில் அவருக்குத் தேத்தண்ணீர் வராதது இதுதான் முதல் தடவை.

"மன்னிச்சுக்குங்க காக்கா. நான்தான் சொன்னேன்னு அன்னைக்கு எழுந்திருச்சிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஒருத்தராச்சும் உள்ள இருந்தாத்தானே இன்னொருத்தர உள்ள கொண்டுவர முடியும்? எனக்குப் படிக்கிற புள்ளைங்க இருக்கு."

"எனக்குப் புள்ளை இல்ல. சரிதான்" என்றேன்.

"ரமலானுக்குள்ள ஒங்களக் கொண்டுவந்துருவேன்."

"வேலைய விடுங்க. நீங்க சொன்னத நீங்கதான் சொன்னீங்கன்னு நாலு பேரு முன்னால சொல்லிருங்க. அது போதும்."

தலையைக் குனிந்துகொண்டார். "இப்பச் சொன்னா, பத்து வேளைய எதுக்குத் திரும்பத் தொழவச்சேன்னு கேப்பாங்களே. அதுக்கு நான் என்ன சொல்றது?"

என்னிடமே கேட்கிறார்! அதற்கும் நான்தான் ஒரு பதில் தயார் செய்து கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. அவர் பயந்த மனிதர் என்று ஊரார் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். ஆறு மாதம் என் தட்டில் தின்ற மனிதர்.

ஆரஞ்சுப் பழத்தைப் பல்கீஸ் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். ஆடு தின்னவில்லை.

ஜனவரி 14, திங்கள்

பல்கீஸிடம் கையை நீட்டினேன். அவள் களிம்பு டப்பாவையும் கரண்டியையும் எடுத்து வந்தாள். கரண்டி வேண்டாம் என்றேன். விரலால் தடவிவிட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான் தடவினாள். வலித்தது. அடுத்த கையையும் நீட்டினேன்.

ஜனவரி 22, செவ்வாய்

டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு மூடிவிட்டது. மணிக்கட்டுத் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் 4, அரிப்பு 1.

"சூப்பர். என்ன செஞ்சீங்க?"

"வேலை போச்சும்மா."

நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். வெளியே ஆள் காத்திருக்க, உட்கார்ந்து கடைசிவரை படித்தார். அதட்டவில்லை. இனிமேல் ஒளுவும் செய்யலாம், ஒரே தடவை ஊற்றி, ஒத்தி எடுத்து, களிம்பு போட்டால் போதும், பயமில்லை என்றார். சீட்டில் "பூரண குணம்" என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இதை ஒங்க தலைவர்கிட்டக் காட்டுங்க" என்றார்.

சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1, வெள்ளி

இன்று எங்கள் பள்ளிக்கே ஜும்ஆவுக்குப் போனேன். சீட்டு ஜிப்பாப் பையில் இருந்தது. வீட்டில் ஒளு செய்தேன், தண்ணீரால். எரியவே இல்லை. தொழுகை முடிந்ததும் தலைவரிடம் காட்டிவிட்டு, நாளை சுபுஹிலிருந்து நானே பாங்கு சொல்கிறேன் என்று கேட்கத்தான் போனேன். மறைப்பானேன், ஒரு மாதமாக மாடியில் போய் நின்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது வேண்டும். அது இல்லாமல் நாள் விடிய மாட்டேன் என்கிறது.

பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஹஜ்ரத் மேடை ஏறினார். இன்றைய பயான், அதாவது பிரசங்கம், எதைப் பற்றித் தெரியுமா? நோயாளிக்கு மார்க்கம் தருகிற சலுகைகள்.

நின்று தொழ முடியாதவன் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவன் படுத்துத் தொழலாம் என்று ஆரம்பித்தார். தண்ணீருக்கு வந்தார். தோல் நோய் என்றே சொன்னார். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் செய்யலாம், அதோடு பாங்கு சொல்லலாம், தொழவும் வைக்கலாம். ஒரு வார்த்தை குறையவில்லை. அன்றைக்கு என் வீட்டு நாற்காலியில் சொன்ன அதே வரிசை. இப்போது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. "தன்னைத்தானே வதைச்சுக்கச் சொல்லி மார்க்கம் யாரையும் கேக்கலை" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்து வெளியே வந்தபோது தலைவர் கூப்பிட்டார். பக்கத்தில் ஹஜ்ரத். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

"கேட்டியளா மோதினார்? மார்க்கம் எவ்வளவு லேசா இருக்கு! நீங்க அன்னைக்கே ஹஜ்ரத்துக்கிட்ட ஒரு வார்த்தை வெளங்கக் கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

நான் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். இன்னொரு வாய்ப்பு என்று நினைத்தேன். பயான் செய்த ஈரம் அந்தக் கண்ணில் இன்னும் இருந்தது.

"காக்கா கூச்சப்பட்டிருப்பாங்க தலைவரே" என்றார் அவர்.

"சரி, போனது போகட்டும்" என்றார் தலைவர். "ஹஜ்ரத்தே ஒங்களுக்காகச் சிபாரிசு செஞ்சிட்டாங்க. கை ஆறியிருந்தா நாளைக்கு சுபுஹுக்கே வந்து பாங்கு சொல்லுங்க. ஹஜ்ரத்துக்குக் கையக் கொடுங்க, முடிச்சுருவோம்."

ஹஜ்ரத் சிரித்த முகமாக இரண்டு கையையும் நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என் இரண்டு கையையும் ஜிப்பாவின் பக்கப் பைகளுக்குள் விட்டேன். சீட்டு விரலில் பட்டது.

"மன்னிக்கணும் ஹஜ்ரத். கை இன்னும் ஆறல" என்றேன். "யாரையும் தொட்டுறக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க."

தலைவர் இரண்டடி பின்னால் போனார். கூட்டமும் போனது. ஹஜ்ரத் மட்டும் நீட்டிய கையோடு நின்றார். அவருக்குத் தெரியும், இது தொத்தாது என்று. அதைச் சொல்லவும் அவரால் முடியவில்லை; சொன்னால், அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்தேன். பல்கீஸ் வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க சொன்னாக? பாங்கு சொல்லக் கூப்புட்டாகளா?"

"கூப்புட்டாங்க. கை ஆறலைன்னு சொல்லிட்டேன்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"எங்கங்க ஆறல?" என்றாள்.